கரைவலையில் வந்த குஞ்சுகள்

பலர் கரையில் நின்று சேர்ந்து இழுக்கும் கரைவலைக்குள் வந்துவிட்ட மீன்குஞ்சைத் திரும்பக் கடலில் விடும் உரிமை யாருக்கு? பயிற்சி நிலையத்தில் கடற்றொழில் கற்பிக்கும் எனக்கே விடை தெரியாது.

இன்று மன்னார் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தவர், எங்களிடம் படித்து முடித்த அந்தோனியின் தாய். மன்னாருக்குத் தெற்கே உள்ள அரிப்பு அவர்கள் ஊர்.

"ரீச்சர், அவனைக் கரைவலையில இருந்து நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"ஏன்?"

"குஞ்சுகளை அள்ளிக் கடலில விட்டவனாம். வலை இழுத்த எல்லாருக்கும் அதில பங்கிருக்கு. 'படிச்ச துரை ஆரைக் கேட்டு எங்கட கறியைக் கடலுக்குக் குடுத்தவர்' எண்டு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கேக்கிறார்."

குஞ்சுகளை விடுங்கள் என்பது என் பாடம். கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி அதை மெச்சினார். பாடம் பிழையென்று இன்றும் நான் நினைக்கவில்லை. பங்குக்காரரை முதலில் கேளுங்கள் என்று சொல்லாததுதான் உறுத்துகிறது.

"நாளைக்கு வந்து சம்மாட்டியோட கதைக்கிறன்" என்றேன்.

"வாங்கோ. குஞ்சைப் பற்றி மட்டும் கதையாதேங்கோ."

வேறு எதைப் பற்றிக் கதைப்பது? இதை வாசிப்பவர்களில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுநாள் எழுதுவது: போனேன். சம்மாட்டி கதிரை போட்டுத் தேநீர் தந்தார். அவனைச் சேர்க்க முடியாது என்பதையும் மரியாதையாகவே சொன்னார். அந்தோனி விடியவே ஓலைத்தொடுவாய் என்ற ஊருக்கு வேலை கேட்டுப் போய்விட்டான். எங்களிடம் படித்ததை அங்கே சொல்லப் போவதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனானாம்.