மூடியில் இருந்த எழுத்து

பைக் வைத்திருப்பவர்கள் அவரைப் ‘பளபளா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பைக்கின் இருபுறமும் மாட்டுகிற அலுமினியப் பெட்டிகளைக் கழுவிப் பழுது பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. கீலுக்குள் புகுந்த மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் நோண்டி எடுப்பார். பூட்டுக்கு எண்ணெய் விடமாட்டார். தூசி ஒட்டுமாம், பென்சில் தூள்தான் போடுவார். மூடி ஓரத்து ரப்பரைக் கிள்ளிப் பார்த்தே மழைத்தண்ணீர் இறங்குமா என்று சொல்லிவிடுவார். ஆனால் வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். “வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?” என்பாள் மனைவி.

ஒருநாள் காலையில் ஒரு டீச்சர் வந்தார். கணவர் இறந்து எட்டு மாதம். அவருடைய பெட்டிகள் இரண்டையும் காரிலிருந்து இறக்கி வைத்தார்.

“என் தம்பி வண்டிய எடுத்துக்கறான். நல்லா சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணே.”

பளபளா தலையாட்டினார்.

இடப்பக்கப் பெட்டியைத் திறந்தால், மூடியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு மார்க்கரில் பொடிப்பொடியாக எழுத்து. தேதி, போன இடம், எதிரே ஒரு வரி. இரண்டு மூன்றை வாசித்தார். டீச்சரிடம் கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கையெல்லாம் சோப்பு நுரை, போன் ஆணியில் தொங்கிய சட்டையில் இருந்தது. சுத்தம் என்றுதானே சொன்னார் என்று துணியில் தின்னரை நனைத்துத் தேய்த்தார். அரை மணி நேரத்தில் மூடியில் முகம் பார்க்கலாம்போல ஆகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் மாலை டீச்சர் வந்ததும் நேரே அந்தப் பெட்டியைத்தான் திறந்தார். மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல எழுதியிருந்துச்சே.”

“அழுக்குன்னு நெனச்சு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். “இல்ல டீச்சர். படிச்சேன். படிச்சுட்டுத்தான் அழிச்சேன்.”

டீச்சர் சத்தம் போடவில்லை. “நான்தான் சொல்லியிருக்கணும். போட்டோ எடுத்து வச்சுக்கலாம்னு இருந்தேன். இத்தன நாள் தொறந்து பார்க்கவே மனசு வரல.”

டீச்சர் போனபின் பளபளாவுக்கு வேலை ஓடவில்லை. வாசித்ததை நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதினார். மூன்று நாள் முயன்றும் இரண்டரை வரிக்குமேல் வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

‘மலைப்பாதை. பனி. விரல் மரத்துவிட்டது.’

‘கடலோரம். டீ சுமார். அவளையும் கூட்டிவந்திருக்கலாம்.’

‘பின் டயர் பஞ்சர், ஆனாலும்’

டீச்சர் இரண்டாவது வரியை மறுபடி படித்தார். “இது நெஜமாவே இருந்துச்சா? எனக்காக நீங்களா எழுதலையே?”

“எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது டீச்சர்.”

“மொத்தம் எத்தன வரி இருந்திருக்கும்?”

பத்து என்று சொல்லியிருக்கலாம். “நாப்பது இருக்கும்” என்றார்.

டீச்சர் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் பளபளா வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.