ஓடுது என்று சொன்னேன்

காய்ந்த படாக் மரப் பலகை வெறும் செங்கல் நிறம்தான். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே படுத்திருந்த ரேகையெல்லாம் அலையாய் எழுந்து வரும். பர்மாவில், போட்டாதாங் மரக்கிடங்கில் என் வேலை அதுதான். வாளியும் துணியுமாக நிற்பேன். வாங்க வந்தவர் பார்ப்பார். எங்கள் மேஸ்திரி பார்ப்பது போல நிற்பார்.

பார்ப்பது போல என்றுதான் எழுத வேண்டும். அவருக்குக் கண் மங்கி, பலகையின் ரேகை தெரியாமல் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போகும். எனக்கு மட்டும் தெரியும். கிடங்கில் தமிழ் அறிந்தவர்கள் நாங்கள் இருவரே. அதனால் பலகையைத் தடவிக்கொண்டே முணுமுணுப்பாய்த் தமிழில் கேட்பார்; நான் துடைத்துக்கொண்டே ஒரு சொல் சொல்வேன். நேர். சுழி. கணு. நான்காம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். "தங்கச்சி வாயில வார்த்தைக்கும் ரேஷன்" என்று சிரிப்பார்.

ஒரு நாள் கியாக்டடாவிலிருந்து பர்மாக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவின் வேட்டைத் துப்பாக்கிக்கு, தோளில் அணைக்கிற கட்டை புதிதாய்ச் செய்ய வேண்டுமாம். அலையோடிய மரமாக வேண்டுமாம். மூன்று பலகை எடுத்து வைத்தோம். மூன்றாவதைத் துடைத்ததும் புலி முதுகு மாதிரி கோடுகள் எழுந்தன. பெரியவர் "ஹ்லா லைத்தா!", என்ன அழகு, என்று குனிந்தே விட்டார்.

கட்டையின் பின்பக்கம் அழகு எப்படியும் இருக்கலாம். கை பிடிக்கிற கழுத்தில் மட்டும் ரேகை நேராக ஓட வேண்டும். இல்லாவிட்டால் சுடுகிற அதிர்ச்சியில் முறிந்துவிடும்.

"கழுத்துல எப்படிம்மா?" என்றார் மேஸ்திரி.

அங்கே மயிரிழை போல ஒரு விரிசல். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளிப் பக்கம் குனிந்துகொண்டேன்.

"ஓடுது" என்றேன்.

விரிசல் ஓடுது என்று சொல்ல வந்தேன். ரேகை ஓடுது என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டு சாக்கட்டியால் குறி போட்டுவிட்டார். பலகை அறுக்கப் போகும்வரை நேரம் இருந்தது. நான் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

கழுத்தை வெட்டும்போதே பலகை இரண்டாய்ப் பிரிந்தது. முதலாளி அதை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன?" என்றார். மேஸ்திரி பிளவை விரலால் தேடினார். அந்தத் தேடலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வேலை போய்க் கிளம்பும்போது வாளி இருக்கிற பக்கம் திரும்பி, "வர்றேன் தங்கச்சி" என்றார். நான் அந்தப் பக்கம் இல்லை.

ஒரு மாதம் கழித்து, தப்பு என்னுடையது என்று சொல்ல க்யிம்யிண்டைங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. தனியாக உட்கார்ந்திருந்தார்.

"யாரு?" என்றார். பர்மா மொழியிலும் கேட்டார். பிறகு, "பூனையா இருந்தா உள்ள வா. மனுசன்னா பேரச் சொல்லிட்டு வா" என்றார்.

சத்தம் வராமல் சிரித்தேன். வாழைப்பழச் சீப்பை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர் இப்போது இல்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பர்மாதான் பேசுகிறார்கள். நேற்று மத்தியானம் தனியாக இருக்கிறேன் என்று நினைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "மேஸ்திரி, விரிசல் ஓடுதுன்னு சொல்ல வந்தேன். நான்தான் பாதிய முழுங்கிட்டேன்."

பேத்தி எட்டிப் பார்த்து, என்ன வேண்டும் என்று பர்மாவில் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.