என் விரலை மறந்த மெஷின்

இன்று காலை ஆபீஸ் வாசலில், வருகைப்பதிவு மெஷினுக்கு என் விரலை அடையாளம் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி வைங்க மேடம்," என்றார் செக்யூரிட்டி முருகேஷ் அண்ணா. எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான்.

தப்பு மெஷின் மேல் இல்லை. பெங்களூரில் பன்றிக் காய்ச்சல் பேச்சு தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரே பயம். வீட்டில் கைக்குழந்தை. எதைத் தொட்டாலும், முக்கியமாக ஊரே விரல் வைக்கும் இந்த மெஷினைத் தொட்டால், ஓடிப்போய்ச் சுடுதண்ணீரில் கிருமிநாசினி சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, ரேகையே மங்கிவிட்டது.

மதியம் காக்ஸ் டவுனில் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"கை கழுவ வேணாம்னு சொல்லல. பாத்திரம் மாதிரி தேய்க்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத மைல்டு சோப். துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் போடுங்க. வெடிச்ச தோல் வழியாத்தான் கிருமி ஈஸியா உள்ள போகும்."

கிருமியை விரட்டுவதாக நினைத்து, நானே அதற்கு வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆபீஸ் திரும்பியதும் அவர் சொன்னபடியே மெதுவாகக் கழுவி, க்ரீம் தடவிக்கொண்டு போய் விரலை வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

"கண்ணாடி அழுக்கா இருக்கு. ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க மேடம்," என்று அண்ணா தன் கைக்குட்டையால் பாசமாகத் துடைத்துக் கொடுத்தார். சற்றுமுன் அவர் தும்மிய அதே கைக்குட்டை.

"இப்ப வைங்க."

வைத்தேன். பச்சை.

அந்த ஒரு விரலைத் தனியே நீட்டிக்கொண்டு, மற்ற விரல்களால் இதை டைப் செய்கிறேன். மறுபடி கழுவவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் குழந்தையைத் தூக்க வேண்டும்.