ஓலை வாசிக்க ஒரு பங்கு

எனக்குப் பெண் பார்த்து முடிந்தபோது நான் எந்தப் பங்கிலும் இல்லை. கத்தோலிக்கர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒரு கோவில் சாமியாரின் பொறுப்பில் இருக்கிற தெருக்களும் ஊர்களும் சேர்ந்தது ஒரு பங்கு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னார் மகளைக் கட்டப்போகிறான், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. பங்கு இல்லாவிட்டால் ஓலை இல்லை. ஓலை இல்லாமல் தாலியும் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். குளித்தலையில் செங்கல் சூளை, கரூர்ப் பக்கம் ரோடு வேலை, ஸ்ரீரங்கத்தில் விறகு மண்டி. ஐம்பதுகளின் கடைசியில் உறையூரில் ஒரு சின்ன அச்சகத்தில் மிஷின் மிதிக்கச் சேர்ந்தேன். தாள் கட்டுகளின் மேல் படுக்கை. பெண் இரண்டு தெரு தள்ளிச் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் வந்துட்டா கோவில்ல கல்யாணம் கிடையாது. அதுக்குள்ள முடிச்சா உங்களுக்கு. இல்லேன்னா திண்டுக்கல்ல ஒரு இடம் காத்திருக்கு."

நான்கு ஞாயிறு இருந்தது. முதல் ஞாயிறே உபதேசியாரிடம் போனேன். சாமியாருக்கு உதவியாள் அவர்; கோவில் பதிவுப் புத்தகங்கள் அவர் கையில்தான்.

"உன் பங்கு எது?"

"இதுதாங்க."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா. அதுக்கு முன்னாடி ஸ்ரீரங்கம்."

"அப்ப பெருமாள் சந்நிதியில போய் ஓலை வாசிக்கச் சொல்லு."

மெழுகுவத்தி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வாரம் அச்சகத்தில் ஒரு ஞானப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. மை அப்பி வீணான ஒரு தாளை விரித்து மத்தியானச் சோறு சாப்பிட்டேன். கையில் கிடைப்பதை விரல் வைத்துப் படிப்பது என் பழக்கம். பங்கு என்ற சொல்லைப் பற்றி அதில் இருந்தது. நம் ஊரில் முன்பு விசாரணை என்பார்களாம், ஒரு சாமியார் விசாரித்துக்கொள்ளும் இடம் என்பதால். ஐரோப்பாக்காரர்கள் அதற்குச் சொல்லும் சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்ததாம். அதன் பொருள், சொந்த ஊர் இல்லாமல் பிறத்தியார் ஊரில் ஒண்டி வாழ்வது. ஆதிக் கிறிஸ்தவர்கள் போன இடமெல்லாம் வெளியாட்களாக இருந்ததால் தங்கள் கூட்டத்தையே அப்படிச் சொன்னார்களாம்.

நான்கு தடவை படித்தேன். சாயங்காலம் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேரே பங்குச் சாமியாரிடம் போனேன்.

"தோத்திரம் சாமி. ஊர் இல்லாதவங்களுக்குத்தான் பங்குன்னு இதுல போட்டிருக்கு. எனக்கு இல்லேங்கறாங்க."

அவர் படித்துவிட்டு மோந்து பார்த்தார். "என்னப்பா, ரசம் வாசனை வருது?"

"மத்தியானச் சோத்துக்கு விரிச்சது சாமி."

"சொல்லோட பூர்வீகம் சட்டம் ஆயிடாது. ஆனா சட்டத்துலயும் உனக்கு வழி இருக்கு. நிலையா ஊர் இல்லாதவனுக்கு அவன் தங்கற இடத்துச் சாமியார்தான் சொந்தச் சாமியார். நான் பிஷப் ஆண்டவருக்கு எழுதறேன். நீ கல்யாணம் ஆகாதவன்னு சொல்ல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

விறகு மண்டியிலிருந்து இரண்டு வண்டிக்காரர்கள் வந்தார்கள். இருவர் நெற்றியிலும் பளிச்சென்று நாமம். உபதேசியார் பேனாவை எடுத்தார்.

"இவனுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மூணு வருஷம் எங்ககூடத்தான் பொங்கித் தின்னான். இவன் வைக்கற குழம்பை எவ தின்னுட்டு இருப்பா?" என்றார் பெரியவர். உபதேசியார் அதை மட்டும் எழுதாமல் விட்டார்.

சனிக்கிழமை உத்தரவு வந்தது. மறுநாள் பூசையில் ஓலை வாசித்தவர் அதே உபதேசியார். "இந்தப் பங்கைச் சேர்ந்த" என்று தொடங்கி, என் அப்பா பேரைச் சொல்லி, என் பேரையும் சொன்னார். அத்தனை பேர் முன்னால் என் பேரை யாரும் அதுவரை சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறும் தடை சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்ணின் அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"வாங்க மாப்பிள்ளை. வீட்ல இட்லி ஊத்தி வச்சிருக்கு."

பதினாலு இட்லி தின்றேன்.