பெர்லா கழுவிய கடைசி உடல்

எங்கள் வில்லா செரேனா ஊரில் யூதப் பெண் யார் இறந்தாலும் முதலில் பெர்லாவுக்குத்தான் ஆள் போகும். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கோழி சூப், கல்யாணத்துக்குத் தேன் கேக், துக்க வீட்டுக்கு அவித்த முட்டை எல்லாம் அவள் கையால்தான் போகும். இறந்த பெண்ணைக் கழுவி வெள்ளைத் துணி உடுத்தவும் அவள்தான். ஆண்கள் தொடக்கூடாது. அந்த வேலையில் அவளுக்குக் கூட்டாளி சுலேமா.

முன்பெல்லாம் அதற்குப் பெண்கள் நிறைய இருந்தார்கள். பிள்ளைகள் படிக்கவென்று தலைநகர் புவெனஸ் அயர்ஸ் போக, பெற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். ஜெபக்கூடத்தில் நாங்கள் சில கிழவர்கள் மிஞ்சினோம். பெண்களில் இவர்கள் இருவரும்தான்.

ஒரு மழைக்காலத்தில் சுலேமா அடுப்படியிலேயே விழுந்து இறந்துபோனாள். ஆறு பெருகி சாலை அறுந்திருந்தது. அவள் மகன் ஹெர்னான் தலைநகரிலிருந்து பெர்லாவிடம் போனில் பேசினான். உறவில்லாவிட்டாலும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"அத்தை, என்னால வர முடியாது. சடங்கெல்லாம் வேணாம், பெட்டியில வச்சு அப்படியே புதைச்சிடுங்க."

"உங்கம்மா என்ன மூட்டையாடா?" என்று பெர்லா போனை வைத்துவிட்டாள்.

ஆனால் தனியாக உடலைப் புரட்ட முடியாது. பக்கத்து வீட்டு நெலிதாவிடம் போனாள். நெலிதா தினமும் மாதா கோயிலுக்குப் போகிறவள்.

"நான் தொடலாமாக்கா? சாமி குத்தம் ஆயிடாதா?"

"ஆகட்டும்டீ. வேற யாரு இருக்கா? நீ தண்ணிய ஊத்து, போதும்."

நெலிதா கழுத்துச் சிலுவையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். பாதியில் பெர்லாவுக்கு ஜெபம் மறந்துபோனதாம். விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுப்பது எப்போதும் சுலேமாதான். மன்னிச்சுக்கோடீ, மன்னிச்சுக்கோடீ என்று அந்த ஈரத் தலையிடமே சொல்லிக்கொண்டு மீதியைக் கழுவி முடித்தாளாம்.

குழிக்கரையில் குறைந்தது பத்து ஆண்கள் இருந்தால்தான் ஜெபம்; அத்தனை பேர் சேரவில்லை. அதனால் இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்லாமலே மண்ணைத் தள்ளினோம்.

மறுநாள் பெர்லா பழக்கத்தில் முட்டையும் பருப்பும் வேகவைத்துப் பாத்திரத்தோடு சுலேமா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கதவு பூட்டிக் கிடந்தது. ஏழு நாள் உட்கார்ந்து துக்கம் காக்க ரத்த சொந்தம் அங்கே ஒருவரும் இல்லை. திரும்பி வருகையில் என்னைப் பார்த்தாள்.

"இத யாருக்குக் குடுக்கறது, சொல்லேன்" என்றாள்.

"நீயே சாப்பிடு பெர்லா. அவளுக்கு உன்னவிட யாரு சொந்தம்?" என்றேன்.

"நான் ரத்த சொந்தம் இல்லையே. துக்கத்துக்கு உக்கார எனக்கு உரிமை இல்ல." பாத்திரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் கடையைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒருமுறை நெலிதாவிடம், "எனக்கும் செய்வியா?" என்று கேட்டாள்.

"செய்றேங்க்கா, ஆனா தனியா எப்படி?" என்றாள் நெலிதா. பேச்சு அதோடு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் நெலிதாவை அவள் மகள் பரானா நகரத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

பெர்லா இறந்தது அரசு மருத்துவமனையில். எங்களுக்குத் தகவல் வருவதற்குள் நர்ஸுகள் உடம்பைத் துடைத்து, மருத்துவமனை அங்கியை மாட்டி, பெட்டியை மூடியிருந்தார்கள். திறக்கச் சொல்லலாம்தான். ஆனால் திறந்தால் கழுவப் பெண் யார்? நாங்கள் கிழவர்கள் பெட்டியை அப்படியே தூக்கினோம்.