முழு விலைக்கு வாங்கியவள்

என் தங்கைக்கு நான் முப்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. டயர்க் கடை வைக்கக் கையில் காசில்லாமல் நான் அலைந்தபோது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துச் சேர்த்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தவள் அவள். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட நான் இன்றைக்கு மூன்று கடைக்கு முதலாளி. லாரிக்காரர்கள் என் கடையை அடையாளம் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். அவள் அசலை எடுத்துக்கொண்டு வட்டியை என் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டாள். யாரிடமும் தலைகுனியாத என்னைத் தலைகுனிய வைத்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

சலவைக்கூடம் என்றால் நாலு வாளி, ஒரு கல் என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வெயில் நுழையாத நீளக் கூடம். ஆளே உள்ளே நிற்கக்கூடிய பெரிய சலவை ட்ரம்கள். கடைசியில் நீராவியில் கொதிக்கும் ஓர் இரும்பு உருளை. ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். ஒருத்தி பாதியில் கையை எடுத்தால் துணி கோணிக்கொண்டு போகும். மற்றவளின் கையையும் சேர்த்து இழுக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம். மாற்று ஆள் வந்து ஓரத்தைப் பிடித்த பிறகுதான் கையை விடலாம். தாகம், தலைசுற்றல், மேலதிகாரி கூப்பிடுகிறார், எந்தச் சாக்கும் செல்லாது. என் தங்கை ஓய்வு பெறும்வரை அந்த உருளையடியில்தான் நின்றாள்.

அங்கே வேலை பார்த்த நான்கு பெண்கள் சேர்ந்து பங்குச் சந்தையில் பங்கு வாங்க ஆரம்பித்தார்கள். சிரிக்காதீர்கள். சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். என் தங்கையின் பெயரில் ஒரு கணக்கு. அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவன்; வாங்குவது விற்பதெல்லாம் அவன் விரல் வேலை. எந்தக் கம்பெனி என்று முடிவு செய்வது மட்டும் பெண்கள். ட்ரம் ஓட்டுகிறவளை 'பெரிய ட்ரம்' என்றே கூப்பிடுவார்கள். ஒரு சோப்புக் கம்பெனியை எல்லோரும் புகழ்ந்தபோது அவள், "அந்தத் தூள் என் கைய அரிச்சு எடுத்துருச்சு. அவன் லாபம் எனக்கு வேணாம்" என்று சொல்லி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கோட் சூட் போட்டவனெல்லாம் டிவியில் இதைவிடப் பெரிதாக என்னத்தைக் கிழித்தான்?

அதுவரை சரி. ஆனால் என் தங்கை முதல் நாளே ஒரு விதி போட்டாள். உருளையடி விதியைத் தூக்கிக்கொண்டு வந்து பங்குக்குப் போட்டாள். விலக நினைப்பவள், தான் போட்ட பணத்தை முழுசாகத் தனக்குக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு வரும் மாற்று ஆளைக் கொண்டு வர வேண்டும். அதுவரை கையை எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. துணியையும் சந்தையையும் ஒன்றாக நினைக்க அந்தக் கூடத்துப் பெண்களால்தான் முடியும். விலை ஏறும்போது மாற்று ஆள் வரிசையில் நிற்பான். இறங்கும்போது எவன் வருவான்? இதை நான் அன்றைக்கே கேட்டேன். "உங்களுக்கு எங்க வேலை தெரியாதுண்ணே" என்று வாயை அடைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியாதாம். முந்தைய சந்தைச் சரிவில் ஊரே பதறி விற்றபோது துணிந்து வாங்கியவன் நான். வாங்கியதை மூன்று மடங்காக்கினேன். என் மூன்றாவது கடையின் கூரை அந்தப் பணம்தான். ஆனால் நான் போட்டது பெட்டியில் சும்மா தூங்கிய காசு. அது ஐந்து வருடம் எழுந்திருக்காவிட்டாலும் என் வீட்டு உலை கொதிக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல், "மாமா வாங்கினாரு, மூணு மடங்கு ஆச்சு" என்று மட்டும் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான் மாப்பிள்ளை. என் பெயரை வைத்து அவன் ஆசைக்கு எண்ணெய் ஊற்றினான்.

இப்போது மறுபடி சந்தை விழுந்தது. தங்கைக்கு ஓய்வுப் பணம் கைக்கு வந்த அதே மாதம். அதை வைத்துச் சொந்தமாக ஒரு சின்ன சலவைக் கடை போட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். இரண்டு இயந்திரம், ஒரு தேய்ப்பு மேசை, இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தங்கை வீட்டில் கூடினார்கள். இன்னும் போடலாமா, இருப்பதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று முடிவெடுக்க. என்னையும் கூப்பிட்டிருந்தாள். கூடத்தில் உட்கார இடமில்லை; பெரிய ட்ரம் ஒருத்தியே பாதி பாயை அடைத்துக்கொண்டாள். கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போடுகிற தையல்காரி ஜன்னலோரம். விரிப்பு மடிக்கிற 'மடிப்பு' வாசல் பக்கமாகவே உட்கார்ந்தாள், செருப்பைக்கூடத் தள்ளி வைக்காமல்.

"அத்தை, இது தள்ளுபடி விற்பனை மாதிரி. இப்ப விட்டா அப்புறம் அழக் கூடாது. ஓய்வுப் பணத்தை அப்படியே இறக்குங்க" என்றான் மாப்பிள்ளை.

"இன்னும் பாதி விலைக்கு வராதுன்னு உனக்கு யாரு சொன்னா? சந்தை உனக்கு மச்சானா?" என்றேன்.

"நீங்க மட்டும் வாங்கலையா மாமா?"

"நான் தொலைச்சாலும் சாப்பிடுவேன். உன் மாமியாருக்கு வேற என்ன இருக்கு, உன் வாய்ச்சொல்லா?"

பெரிய ட்ரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் மடிப்பு பேசினாள்.

"அக்கா, நான் விலகிக்கிறேன்."

அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டாராம். புது வீட்டுக்கு அறுபதாயிரம் அட்வான்ஸ் ஒன்றாம் தேதிக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சாமானோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். பங்கில் அவள் போட்டதும் சரியாக அறுபதுதான். ஆனால் அன்றைய விலைக்கு அது முப்பத்தைந்தாயிரம்தான் தேறும்.

"மாற்று ஆள்?" என்று கேட்டாள் தையல்காரி.

"எட்டுப் பேருகிட்ட கேட்டேன். சிரிக்கிறாங்க."

"அப்ப அவ பங்கை மட்டும் இன்னைக்கு விலைக்கு வித்துரலாமே" என்றேன் நான்.

"முடியாதுண்ணே" என்றாள் பெரிய ட்ரம். "ஒருத்தி கைய எடுத்தா எல்லாருக்கும் கை நடுங்கும். நாளைக்கு நானே விப்பேன். விதின்னா விதி."

தங்களுக்குத் தாங்களே உள்ளிருந்து பூட்டுப் போட்டுக்கொண்டு சாவியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்குமேல் எண்ணெய் ஊற்ற மாப்பிள்ளை இருக்கிறானே.

"நான் வேணா மாற்று ஆளா வரேன்" என்றான் மெதுவாக. "ஆனா விதிப்படி அறுபது முடியாது, இருபத்தெட்டுதான் தர முடியும். உங்களுக்கும் அவசரம். வேற யாரும் வரலையே."

முப்பத்தைந்து தேறும் பொருளுக்கு இருபத்தெட்டு. கதவைப் பூட்டியவர்கள் இவர்கள், ஜன்னலுக்குக் கட்டணம் வசூலிக்க வந்தவன் இவன். பாயை விட்டு எழுந்தேன்.

"டேய், நானும் வியாபாரிதான். தேஞ்ச டயரைத் தேஞ்ச விலைக்கு வாங்குறவன். ஆனா வண்டி நடுரோட்டுல பஞ்சராகி, பொண்டாட்டி புள்ளையோட நிக்கிறவன்கிட்ட நான் இதுவரைக்கும் பேரம் பேசினதில்ல. அந்தக் காசுல கட்டின கடை எனக்கு ஒண்ணுகூடக் கிடையாது. நீ என் முன்னாடி உக்காந்துக்கிட்டு அந்த வேலை பாக்குறியா?"

"சந்தை விலைன்னு ஒண்ணு இருக்கு மாமா..."

"அது முப்பத்தஞ்சு. மீதி ஏழு உன் கொழுப்பு."

அவன் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தான். அந்தத் தலைமுறைக்கு வெட்கம் வந்தால் ஒளிந்துகொள்ள அது ஒன்று இருக்கிறது.

"நான் வாங்கிக்கிறேன்" என்றாள் தங்கை. "அறுபதுக்கு."

அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். "வெளியில முப்பத்தஞ்சுக்குக் கிடைக்குது. உன் ஓய்வுப் பணம் அது. தேய்ப்பு மேசைக்கு எங்க போவ? நான் சொல்றதைக் கேளு. இன்னைக்கு விலைக்கு நீ வாங்கு. மீதி இருபத்தஞ்சை நான் அவளுக்குக் கைமாத்தாத் தரேன், வட்டி வேணாம்."

இதைவிட நியாயமாக எவன் பேசுவான்? ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டறதுக்கா அவ இத்தனை மாசம் போட்டா?" என்றாள். "அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் வீடு வரைக்கும் போய்க் கூட்டிட்டு வந்தேன். போகணும்னா போட்டது கைக்கு வரும், விதி இருக்குன்னு நான்தான் சொன்னேன். சந்தையா சொல்லுச்சு?"

"அப்ப விதியை மாத்து."

"மாத்தப்போறேன். இவ போனதுக்கு அப்புறம். நாளைலேர்ந்து யாரு வேணா அன்னைக்கு விலைக்கு விலகலாம். இவ அந்தப் பழைய விதியை நம்பி வந்தவ."

"உனக்கு வாய் நீளம், கணக்கு சுத்தமாத் தெரியாது" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்திருக்கும். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் தேநீர் போட்டாள். என் டம்ளரில் மட்டும் சர்க்கரையை மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா தெரியவில்லை. குடித்துத் தொலைத்தேன்.

அந்தப் பங்குகள் பிறகு ஏறினவா என்று என்னைக் கேட்காதவன் கிடையாது. கொஞ்சம் ஏறின. அறுபதைத் தொடவில்லை. சலவைக் கடை தள்ளிப் போனது. அவள் இப்போது வீட்டுத் தாழ்வாரத்தில் ஒற்றை இயந்திரத்தை வைத்துக்கொண்டு பழைய மேசையில் தேய்க்கிறாள். தேய்ப்பு மேசை நான் வாங்கித் தருகிறேன் என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாதி விலைக்குக் கிடைத்ததை முழு விலைக்கு வாங்கியவள் இந்தச் சரிவில் வேறு எவளும் இருந்திருக்க மாட்டாள். முட்டாள்தனம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் வேறு எவனாவது அவளை முட்டாள் என்று என் காதுபடச் சொன்னால் அவன் பல்லுக்கு நான் பொறுப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் வங்கிக்கு அவளை என் வண்டியில்தான் கூட்டிப் போனேன். வழி நெடுகத் திட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மடிப்பு வங்கி வாசலிலேயே நின்றிருந்தாள். நாங்கள் பணத்தோடு வெளியே வந்ததும் அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, முப்பத்தஞ்சு போதும். இந்த அண்ணன் சொன்னதுதான் நியாயம். மீதியை எங்கயாவது புரட்டிக்கிறேன்."

"பாத்தியா? அவளுக்கே தெரியுது" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. நீ கையை நீட்டுடி."

"வேணாம்க்கா, மனசு கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல. நீட்டுன்னா நீட்டு."

மடிப்பு நீட்டினாள். சோப்பிலும் சூட்டிலும் வெளுத்துப்போன உள்ளங்கை. என் தங்கை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வங்கிக்காரன் எண்ணியதையும் நம்பாமல், வாய்விட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வந்ததும் மடிப்பு கையை மூடப் பார்த்தாள். தங்கை இடது கையால் அந்த விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு மேலே எண்ணினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதாவது ஆயிரத்தை அந்தக் கையில் வைத்த பிறகுதான் அவள் விரல்களை விட்டாள்.