மழைக்கால்வாய் போகும் இடம்

எங்கள் கம்பெனிக் குடியிருப்பு பிளாக்கில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் யூனிபார்மை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத்தான் கிரீஸைப் போக்குவோம். துவைத்த வாளியைப் பின்பக்க மழைக்கால்வாயில் கவிழ்த்துவிடுவோம். குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற இடத்துக்குத்தான் இதுவும் போகும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

வாட்ஸப் வந்த புதிது. அந்த ஐப்பசியில் ஒரு நாள், பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் வெறும் கேனோடு வந்து நின்றாள். அவள் வீட்டுச் சோறே அந்த ஒற்றை மாட்டை நம்பித்தான்.

"இன்னிக்கிப் பால் இல்லக்கா. மாடு குட்டைத் தண்ணிய மோந்து பாத்துகினு நிக்குது, குடிக்க மாட்டேங்குது. ஒங்க கால்வாத் தண்ணிதான் அங்க வருது. மேல எண்ணெ மெதக்குதுக்கா."

வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். இவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இத்தினி வருசமா ஊத்துறோம், இப்பதான் மாட்டுக்கு மூக்கு மொளச்சுதா?" என்று சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நீங்க அதுல ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க, நானும் சிரிக்கிறேன். எடுங்க வண்டிய!"

தூறலிலேயே போனோம். குட்டைமேல் நீலமும் ஊதாவுமாய் எண்ணெய் படர்ந்து கிடந்தது. பால்காரி கயிற்றை இழுக்க இழுக்க மாடு முகத்தைத் திருப்பியது. வீட்டுக்காரர் செல்போனை எடுத்தார். படம் பிடித்து ஷிஃப்ட் ஆட்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே, "நம்ம யூனிபார்ம் அழுக்கு" என்று எழுதினார்.

மறுநாள் முதல் கிரீஸைப் பழைய துணியால் துடைத்த பிறகே ஊறவைத்தோம். மண்ணெண்ணெயை டின்னில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தினோம். துவைப்பதைக் குளியலறைக்கு மாற்றினோம். "மாட்டுக்கு மினரல் வாட்டரே வாங்கிக் குடுத்துடலாமே" என்று கிண்டல் செய்தார் எதிர்வீட்டுக்காரர். அடுத்த வாரம் அவர் வீட்டிலும் ஒரு டின் இருந்தது.

கார்த்திகையில் பெருமழை பெய்து ஓய்ந்தது; குட்டை நிரம்பி வழிந்து பழைய தண்ணீரெல்லாம் போயிருந்தது. நானும் வீட்டுக்காரரும் பார்க்கப் போனோம். மாடு மோந்து பார்த்துவிட்டு நின்றது. "மாதாவே, குடிக்க வையி" என்று முணுமுணுத்தேன். தலையைத் தாழ்த்தி, சத்தம் கேட்க உறிஞ்சிக் குடித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வெறும் கேனோட வந்தியே, அன்னிக்கி ஒரு சொட்டுகூடவா கறக்கல?" என்று பால்காரியிடம் கேட்டேன்.

"கறந்துச்சுக்கா. அந்தத் தண்ணியில மாடு ரெண்டு வாய் குடிச்சிருந்தா என்னா பண்றதுன்னு கீழ ஊத்திட்டேன். ஒங்க புள்ளைங்க குடிக்கிறதாச்சே."